பார்த்தால் நின்றுவிடும் படம்

ஆழ்குடியில் காலையில் பல் தேய்த்து முடித்ததும் எல்லாரும் காதுக்குப் பின்னால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அங்கே எள்ளளவுக்கு ஒரு மேடு தட்டுப்படும். தட்டுப்பட்டால் நிம்மதி. தலைக்கு மேல் கடலும், கடலுக்கு மேல் மனிதர் தாங்க முடியாத வெயிலும் இருக்கிற ஊரில், அந்த மேடு இல்லாவிட்டால் யாருக்கும் சோறு தொண்டைக்குள் இறங்காது.

அதற்குப் பெயர் அமைதிமணி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போதே மடலுக்குப் பின்னால் மணியையும் வைத்துவிடுவார்கள். குழந்தை வீரிட்டு அழத் தொடங்கும், பாதியிலேயே நிறுத்திவிடும். பாதியில் நின்ற அந்த அழுகைக்குத்தான் உறவினர்கள் கைதட்டுவார்கள். விருந்தும் அதற்குத்தான்.

பயத்தையும் துக்கத்தையும் சூடு தணித்துக் கொடுப்பது மணியின் வேலை. பாலை ஆற்றிக் கொடுப்பது போல என்று ஊரில் சொல்வார்கள். ஆற்றுகிற சாக்கில் பாலில் பாதி கீழே கொட்டிப்போகிறதா என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம் ஒன்றை நேவிஸ் செய்தாள். சொந்தமாக ஒரு கணினியைக் கட்டினாள். வீட்டுக்கு வீடு சுவரே திரையாக இருக்கும்போது பெட்டி, விசிறி, கம்பி என்று இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பாசிப் பண்ணையில் உணர்மானிகளைப் பழுதுபார்க்கிறவள் என்பதால் பற்றவைக்கிற வேலை அவளுக்குக் கைவந்தது. மூழ்கிய கப்பல்களிலிருந்து பொறுக்கிய மின்சுற்றுப் பலகைகளை மீன் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தினாள். விசைக்குப் பழைய படகு மோட்டாரின் பித்தான் கிடைத்தது. கட்டைவிரலால் மேலே தள்ளினால் கணினி ஓடும். இன்னொரு முறை தள்ளினால் நிற்கும். தள்ளிய பித்தான் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இத்தனை பாடும் ஒரே ஒரு படத்துக்காக. அவள் கணவன் இன்னாசி நீரேற்று அறையில் வேலை பார்த்தவன். ஒரு நாள் அந்த அறைக்குள் கடல் புகுந்து அவன் இறந்துபோனான். விசாரணைக் குழு ஒரே வரியில் முடித்துவிட்டது: இன்னாசி யாரையும் உதவிக்கு அழைக்கவில்லை, தானே சமாளித்துவிடலாம் என்ற தலைக்கனம். அறையின் ஜன்னல் நடைகூடத்தைப் பார்த்து இருந்தது. அன்று அந்த வழியாகப் போன எல்லாரும் ஜன்னல் மூடியிருந்தது, எதையும் பார்க்கவில்லை என்றே சாட்சி சொன்னார்கள். நேவிஸும் அதைத்தான் சொன்னாள். மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது ஜன்னல் மூடியிருந்தது. வேலையாக இருக்கிறார் போல என்று தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வேலையில் உயிர்விட்டவர்களின் பெயரைக் கோயில் சுவரில் வெட்டுவது ஆழ்குடி வழக்கம். தலைக்கனத்தால் செத்தவனுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. மறு விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். நேவிஸின் கையில் இருந்தது இன்னாசியின் தலைக்கவசத்தில் இருந்து, அவன் கண்டதையெல்லாம் படம்பிடித்து வைத்த பதிவுவில்லை. பழைய காலத்து வில்லை. பொதுக் களஞ்சியம் அனுப்பும் படங்களை மட்டும் காட்டப் பழகிய சுவர்த்திரைகள் அதைத் தொடக்கூட மாட்டோம் என்றுவிட்டன.

அவளுடைய கணினி காட்டியது. இன்னாசியின் கண் மட்டத்தில் குழாய்கள் தெரிந்தன. சத்தமில்லாத படம். அவன் கைகள் ஒரு திருகை இறுக்கின. தரையில் தண்ணீர் பளபளத்தது. முழங்காலளவு ஏறியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவ்வளவுதான், திரை கறுத்து கணினி செத்துப்போகும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில்.

முதலில் சூட்டைச் சந்தேகப்பட்டாள். இன்னொரு விசிறி வைத்தாள். பிறகு மின்சாரப் பெட்டியை மாற்றினாள். உப்புப் பூத்திருந்த முனைகளைச் சுரண்டித் துடைத்தாள். திரைப்பலகையை இயக்கும் நிரலை அழித்து வேறொன்றைப் போட்டாள். பண்ணையின் பழைய பயிற்சிப் படங்கள் நாள் முழுக்கத் தடங்கலில்லாமல் ஓடின. இன்னாசியின் படம் மட்டும் அதே இடத்தில் நின்றது.

இன்னாசியின் தம்பி கஸ்பார், குடியிருப்பின் வெளிச்சுவரில் சிப்பி சுரண்டுகிறவன், வேலை முடிந்து தினமும் வந்து துணைக்கு உட்கார்ந்தான்.

"ராம் பலகைய மாத்திப் பாத்தியளா மதினி?"

"ஒண்ணொண்ணா கழத்திப் பாத்தாச்சு. அதுல குத்தமில்ல."

"அப்போ வில்லையிலதான் கீறல் இருக்கும்."

"கீறல் இருந்தா படம் முடியுமா கஸ்பாரு? காலைல ஓடவிட்டுட்டு உலைய எறக்கப் போனேன். வந்து பாத்தா, படம் முடிஞ்சதுன்னு திரையில எழுதியிருக்கு. முழுசா ஓடியிருக்கு. திரும்ப உக்காந்து பாத்தேன், நின்னுட்டு."

கஸ்பார் சிரித்தான். "பாக்காட்டா ஓடும், பாத்தா நிக்குமா? கணினிக்கு வெக்கமாக்கும்."

நேவிஸ் சிரிக்கவில்லை. அவனை எழுப்பி வெளியே கூட்டிப்போனாள். இருவரும் நடைகூடத்தில் நின்றார்கள். திரும்பி வந்தபோது படம் ஒழுங்காக ஓடி முடிந்திருந்தது. கஸ்பாரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நீங்க முன்னால உக்காந்து பாருங்க" என்றான். "நான் பின்னால இருந்து கம்பியப் பிடிச்சுப் பாக்கேன். எது ஆடுதுன்னு தெரிஞ்சிரும்."

பெட்டிக்குப் பின்னால் குந்தினான். அங்கிருந்து அவனுக்குத் திரை தெரியாது, மதினியின் முகம் மட்டும் தெரியும். விசிறி ஓடியது. கம்பிகள் ஆடவில்லை. சற்று நேரத்தில் விசிறி நின்றது.

"பாத்தியா, அதே இடம்" என்றாள் நேவிஸ். "என்ன ஆடுச்சு?"

கஸ்பார் எழுந்திருக்கவில்லை. "எதுவும் ஆடல மதினி. நீங்கதான் அணைச்சிய."

"வெளையாடாத."

"மாதா சத்தியமா. உங்க மூஞ்சி கோயில் சுரூபம் மாதிரி ஆயிட்டு. கை தானா போச்சு. கட்டவெரலால பித்தான மேல தள்ளிட்டு, கைய மடியில வச்சிட்டிய."

அவள் நம்பவில்லை. இடம் மாறினார்கள். அவன் திரைக்கு முன்னால், அவள் பின்னால். தண்ணீர் ஏறுகிற இடம் வந்திருக்க வேண்டும். கஸ்பாரின் நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. உதட்டில் ஒரு சிறிய புன்னகைகூட வந்தது. அவன் கை பாம்பு போலச் சத்தமில்லாமல் நீண்டு, கட்டைவிரல் பித்தானை மேலே தள்ளியது.

"சே, நின்னுட்டே" என்றான் கஸ்பார்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மெல்லத் தன் காதுக்குப் பின்னால் தொட்டான்.

பழுது கணினியில் இல்லை. வாரக்கணக்காக அவள் கழற்றிக் கழற்றி மாட்டிய பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கழற்றாமல் விட்ட ஒன்று அவள் காதுக்குப் பின்னால் இருந்தது.

நேவிஸ் பற்றவைக்கும் மேசையிலிருந்து கத்தியையும் சாமணத்தையும் எடுத்து நெருப்பில் காட்டினாள். "உனக்கும் எடுத்துவிடவா?"

"எனக்கு வேண்டாம் மதினி. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, போதும்." அவள் காதுக்குப் பின்னால் கீறி ரத்தம் தெரிந்ததும் அவன் பேச்சு மாறியது. "டீ ஆறிரும்" என்று சொல்லிவிட்டு, துண்டை மடித்து மடித்துக் கொடியில் போட்டான். பிறகு புன்னகையோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

நேவிஸின் கை நடுங்கவில்லை. மணியின் புண்ணியம் அது. தன்னைப் பிடுங்கி எறிகிற தைரியத்தையும் அதுவேதான் கொடுத்தது. சாமணம் அதை வெளியே இழுத்த பிறகுதான் நடுக்கம் வந்தது. வலி வந்தது. மேலே நிற்கிற கடல் முழுவதும் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவளுக்கு ஞாபகம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தாள்.

தண்ணீர் ஏறியது. இன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பினான். படம் நிற்கவில்லை.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவன் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்தான். வெளியே எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார். அவர் முகம் திடுக்கிட்டது, பிறகு சமாதானமானது. ஜன்னலுக்குக் கீழே இருந்த மூடியைக் கட்டைவிரலால் மேலே தள்ளி மூடிவிட்டுப் போனார். இன்னாசி உள்ளிருந்து மூடியைக் கீழே இறக்கினான். பண்ணை மேற்பார்வையாளர் வந்தார், பார்த்தார், மேலே தள்ளினார். மறுபடி இறக்கினான். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள். ஒவ்வொருவராக வந்து, ஒரு கணம் பார்த்து, மேலே தள்ளினார்கள். தண்ணீர் மார்பளவு ஏறிவிட்டது. அவன் கைகள் மூடியை இறக்க நேரமெடுத்தன.

கடைசியாக இறங்கிய மூடிக்கு அப்பால், கையில் தூக்குவாளியோடு நேவிஸ் நின்றாள்.

இன்னாசியின் கை கண்ணாடியில் அவள் முகத்துக்கு நேராகப் பதிந்தது. அந்த நேவிஸ் அவனைப் பார்த்தாள். அவளுடைய வாய் பாதி திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, அழகாக, அமைதியாகப் புன்னகைத்தது. கட்டைவிரல் உயர்ந்தது. ஜன்னல் மூடியது. அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

அவள் அழுதாள். காதுகுத்தில் பாதியில் நின்ற அழுகை அது. இடையில் யாரும் நிறுத்தாததால் அவளுக்கே அது எங்கே முடியும் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு விசாரணை மன்றத்துக்குப் போனாள். கஸ்பார் துணைக்கு வந்து வாசலில் நின்றான். குழுவில் மூன்று பேர். தலைவி பெர்பெத்தம்மாள் நல்ல மனுஷி. வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"இதுல எல்லாம் இருக்கும்மா" என்றாள் நேவிஸ். "அவர் கூப்பிட்டார். நாமதான் வரல. நானும் வரல. என்னைத் தண்டிச்சாலும் சரி, அவர் பேரச் சுவர்ல வெட்டுங்க."

"மொதல்ல படத்தப் பாப்போம் தாயி."

நேவிஸ் முன்யோசனையாகப் பித்தானைக் கழற்றிப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருந்தாள். படம் ஓடியது. தண்ணீர் ஏறியது. இன்னாசி திரும்பினான். மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் இளகின. மூன்று கட்டைவிரல்கள் உயர்ந்து பித்தானைத் தேடின. கிடைக்கவில்லை. வெறும் காற்றை மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தன. நேவிஸ் பயந்துபோய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பெர்பெத்தம்மாள் புன்னகை மாறாமல் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, கணினி நின்னுட்டே?" என்றாள் உண்மையான வருத்தத்தோடு. "வீட்டுல கட்டுனதுல்லா, அப்படித்தான் இருக்கும். இன்னொரு தவணை தாரேன். நல்லா ரிப்பேர் பண்ணிக் கொண்டா."

"நீங்கதான் பிடுங்குனிய!"

குரலில் இருந்த வலி அவர்களை எட்டுவதற்குள் மூவரும் அடுத்த வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

இதில் யாருடைய சதியும் இல்லை என்பதுதான் வேடிக்கை. மனிதரை நிம்மதியாக வைத்திரு என்று மட்டுமே மணிக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படி என்று சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்ள, கடல் ஏறுவதற்கு முன் கரையில் வாழ்ந்த மூதாதையர் கைபேசிகளில் விட்டுப்போன கோடிக்கணக்கான விரல் அசைவுகளை அதற்குக் கொடுத்தார்கள். மணி பொறுமையாகப் படித்தது. இடிந்த வீடு, எரிகிற ஊர், கையேந்துகிற பிள்ளை எது வந்தாலும் அந்த விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு கட்டைவிரல் மேலே தள்ளியது. அடுத்த படத்தில் யாரோ பாயசம் செய்துகொண்டிருந்தார்கள். நிம்மதி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று மணி எடுத்துக்கொண்டது.

நேவிஸ் வெளியே வந்தாள். கஸ்பார் கணினியை வாங்கிக் கீழே வைத்தான். அவளை நடைகூடத்துப் பலகையில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தான்.

"எனக்குப் படம் வேண்டாம் மதினி. திரையப் பாத்தாத்தான நிக்கும்? உங்க வாயால சொல்லுங்க. உங்க முகத்தையே பாத்துக்கிட்டுக் கேக்கேன். எங்க அண்ணன் என்ன ஆனாரு?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்கவாவது ஒருவன் இருக்கிறானே. திருகை இறுக்கியதைச் சொன்னாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததைச் சொன்னாள். கஸ்பார் கண்ணிமைக்காமல் கேட்டான்.

"அப்புறம் உங்கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி…"

அவன் நெற்றிச் சுருக்கங்கள் அவிழ்ந்தன. அவள் பிடியிலிருந்து அவன் கை மென்மையாக விலகி, அவள் முகத்துக்கு வந்தது. கட்டைவிரல் அவள் உதட்டில் பதிந்து, மெதுவாக மேலே தள்ளியது.