ஓடாத லிஃப்ட்டைப் பார்க்க வந்தவன்

"ஐயோ... என் ரொட்டி!"

புர்கி போட்ட சத்தத்தில் பஸ் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார். பக்கத்து இருக்கையில் அவள் வைத்திருந்த காகிதப் பையின் மேல், மழையில் ஊறிப்போன பெரிய முதுகுப்பை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நெட்டையன். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, திருதிருவென்று விழித்துக்கொண்டு...

"மன்னிச்சுக்கங்க. நான் பார்க்கவே இல்ல."

"இவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டா?"

சொன்ன பிறகுதான் அந்தக் கண்களைச் சரியாகப் பார்த்தாள். நீலமும் சாம்பலும் கலந்து... அழுது முடித்த வானம் மாதிரி. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. ஜூலை மாதம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மேகம் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மலைகளை மொத்தமாக விழுங்கியிருந்தது.

அவன் பையை எடுத்துவிட்டு, நசுங்கிய ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தான்.

"எங்க ஊரும் இப்படித்தாங்க இருக்கும்."

"எப்படி?"

"தட்டையா. வடக்குக் கடலோரம். ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள்... முடியவில்லை.

"அதான் மலை பார்க்கக் கிளம்பிட்டீங்களாக்கும்?"

"மலை இல்லீங்க. லிஃப்ட்."

"என்னது?"

"பனிச்சறுக்குக்கு ஆளுங்களை மேல தூக்கிட்டுப் போகுமே, அந்த லிஃப்ட். பனி இருந்தா சனங்க சறுக்கத்தான் வர்றாங்க... லிஃப்ட்டை யாரு பார்க்கிறா? அதான் நான் கோடையில வருவேன். குளிர்காலம் பூரா திட்டம் போட்டு வருஷத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு. இந்த வருஷம் ஹின்டர்மோஸ். அங்க, இரும்புக் கயித்துல தொங்குற ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரே ஒருத்தர் உட்கார்ந்து போற, பழைய ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஒண்ணு இன்னும் ஓடுது, தெரியுமா?"

புர்கியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

தெரியுமாவா? அவள் பிறந்த ஊர் ஹின்டர்மோஸ். அந்த லிஃப்ட்டை ஓட்டியவர் அவளுடைய அப்பா. அந்த ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் தனியாளாக உட்கார்ந்து மெயில்களுக்குப் பதில் எழுதுகிறவள் அவள்.

அப்படியானால்... குளிர்காலம் முழுக்க அந்த லிஃப்ட்டைப் பற்றியே கேட்டுக் கேட்டு மெயில் அனுப்பியவன்... இவன் மென்னோ!

"அந்த ஆபீஸ்ல ஒரு ஆளு இருக்காருங்க," என்று அவன் உற்சாகமாகத் தொடர்ந்தான். "தன் பேரைக்கூடப் போட மாட்டார். கீழ வெறும் 'அலுவலகம்'. கயித்தைத் தாங்குற தூண் எத்தனைன்னு கேட்டா, 'வந்து எண்ணிக்கொள்ளவும்'னு பதில். நாற்காலியில ஜோடியா உட்காரலாமான்னு கேட்டா, 'ஒற்றை என்பதன் பொருள் ஒன்று'. வயசான சிடுமூஞ்சியா இருக்கணும். மீசை நிச்சயம் உண்டு!"

புர்கியின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது.

சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு. அந்தச் சிடுமூஞ்சி நான்தான் என்று. லிஃப்ட் போன மாதமே நின்றுவிட்டது என்று. ஆனால் அவன் சிரித்துக்கொண்டே பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றிய கறுப்புத் தேநீரை அவள் பக்கம் நீட்டினான். அடியில் கற்கண்டு கிணுகிணுத்தது. அவள் வாங்கிக் குடித்தாள்.

ஹின்டர்மோஸில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். "நானும் அந்தப் பக்கம்தான்..." என்று மட்டும் சொன்னாள். தேவாலயத்தைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. அடிவார நிலையத்துக்கு முன்னால், ஈரப் புல்லில், கழற்றிய நாற்காலிகள் குவியலாகக் கிடந்தன. இரும்புக் கயிறு அறுந்து சுருண்டிருந்தது. இரண்டு ஆட்கள் ஒரு நாற்காலியை லாரியில் வீசினார்கள்.

மென்னோ அப்படியே நின்றுவிட்டான்.

நிலையத்து வாசலிலிருந்து அப்பா ரோமேட் எழுந்து வந்தார். ஊர்சபை லிஃப்ட்டைப் பழைய இரும்புக்கு விற்ற நாளிலிருந்து அவர் யாரிடமும் நல்லவிதமாகப் பேசியதில்லை.

"என்ன, நீயும் போட்டோ புடிக்க வந்தியா? உயிரோட இருந்தப்ப வராதவனெல்லாம் பிணம் பார்க்க வர்றான்!"

"ஆகஸ்ட் வரைக்கும் ஓடும்னு ஆபீஸ்லேர்ந்து எழுதியிருந்தாங்களே..."

"ஜூன்லயே நிறுத்தியாச்சு. எழுதலையா? இதோ நிக்கிறாளே என் மக, ஆபீஸ்னா இவதான். இவளையே கேளு!"

மென்னோ மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். இல்லை... ஏமாந்த குழந்தையின் முகம்.

"பஸ்ல... எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இல்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, மொட்டைத் தூண்களின் வரிசையைப் பிடித்து மேலே நடக்கத் தொடங்கினான். மழைக்குள், மேகத்துக்குள்... காணாமல் போனான்.

"போகட்டும் விடு," என்றார் அப்பா.

போகட்டும். ஒருவன் பின்னால் ஓடுகிற பழக்கம் இவளுக்குக் கிடையாது. அலுவலகத்துக்குப் போனாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். போன குளிர்காலத்திலும், தொடர்ந்து மூன்றாவது முறையாக, ஊரில் பனியே விழவில்லை. சரிவெல்லாம் பழுப்புப் புல். வந்த மெயில்கள் எல்லாம் ஒரே மாதிரி... அறை வேண்டாம், அறை வேண்டாம். அவற்றுக்கு நடுவே ஒரே ஒருவன், படுத்திருக்கும் சொந்தக்காரரின் உடம்பை விசாரிப்பதுபோல, அந்த லிஃப்ட்டை விசாரித்துக்கொண்டிருந்தான்.

கதவைப் பூட்டக்கூட இல்லை. ஓடினாள்.

மரங்கள் முடிகிற இடத்தில், ஒரு தூணின் துரு மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தான். மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்றாள்.

"எழுதினேன்," என்றாள். "லிஃப்ட் நின்னுபோச்சு, வர வேண்டாம்னு எழுதினேன். அனுப்பல. அனுப்பினா வேற பள்ளத்தாக்குக்குப் போயிடுவீங்க... உங்களை ஒரு தடவையாவது பார்க்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். தப்புத்தான். நான் செஞ்சது பெரிய தப்பு."

மழை தூணில் விழுந்து வழிந்தது.

"தூண் எத்தனைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றான் கடைசியில்.

"என்ன?"

"கயிறு எவ்வளவு தடிமன், நாற்காலி எந்த வருஷத்துது... எல்லாம் தெரியும். எங்க அண்ணன் ஹாபோ சொல்லியிருக்கான். இந்தப் பைத்தியத்தை எனக்குப் புடிக்க வச்சவனே அவன்தான். கோடைக்குக் கோடை சேர்ந்து வருவோம். போன நவம்பர்ல... மாரடைப்பு. அதுக்கப்புறம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா பேச ஆளில்ல. ஒரு கேள்வி அனுப்புவேன். மறுநாள் ஒரு வரி வரும். சிடுசிடுன்னுதான் வரும்... ஆனா வந்துரும். அதுக்காகவே கேட்டேன்."

புர்கி நனைந்த தன் கையை அந்தத் தூணில், அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய சுண்டுவிரல் அவள் விரலைத் தொட்டது.

"நீங்க ரொம்ப நனைஞ்சுட்டீங்க," என்றான்.

"இந்த உயரத்துல 'நீங்க' எல்லாம் கிடையாது. மரம் முடிஞ்சா எல்லாரும் 'நீ'தான். எங்க மலையில அப்படித்தான்."

"ஓ... இதையாவது மெயில்ல சொல்லியிருக்கலாம்."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு!"

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, நிற்க முடியாமல் போய்விட்டது. கீழே லாரி கிளம்பும் சத்தம். அது பள்ளத்தாக்கில் தேய்ந்து மறைந்தது.

"அடுத்த கோடைக்கு எந்தப் பள்ளத்தாக்கு?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

"இதேதான்."

"பைத்தியமா? இங்க ஒண்ணும் இருக்காது. இந்தத் தூணையும் அறுத்துடுவாங்க. வெறும் புல்லு..."

"நீ இருப்பியா?"

புர்கி நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குள் அந்தச் சாம்பல் கண்கள் பதிலுக்காகக் காத்திருந்தன.

"ஆபீஸைப் பூட்டிடுவாங்க. எனக்கு வேலையும் இருக்காது..."

"நான் அதையா கேட்டேன்?"

"இருப்பேன்," என்றாள். குரல் உடைந்தது. "நீ வர்றதா இருந்தா இருப்பேன். குளிர்காலத்துலேர்ந்தே உன்னைப் புடிச்சுப்போச்சு, மென்னோ. முகம்கூடத் தெரியாம..."

அவன் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டான். மழை விடவில்லை. கீழே மிச்சமிருந்த குவியலிலிருந்து ஒரு நாற்காலி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.