பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு சுவர்

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில், வேலை முடிந்தவர்கள் அவரவர் படுக்கைப் பெட்டிக்குள் ஊர்ந்து சென்று, மூடியைச் சாத்திக்கொண்டு, பிடரியில் பதித்த நரம்புச்சில்லைத் தட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போவது வழக்கம். உடம்பு பெட்டியில் கிடக்கும். ஆள் மணலில் திருடன் போலீஸ் விளையாடிக்கொண்டிருப்பார். ஆனால் பல வருடங்களாக அதே கடற்கரை. எந்தப் படகின் பின்னால் யார் ஒளிவார் என்பது எல்லாருக்கும் மனப்பாடமாகிவிட்டது. எனவே வரும் பொங்கலுக்குப் புதுக் களம் வேண்டும் என்று கேளிக்கைக் குழு முடிவு செய்தது.

அதைக் கட்டும் பொறுப்பு கயற்கண்ணிக்கு வந்தது. அதுவரை பாசித்தொட்டி கழுவிக்கொண்டிருந்தவள். களம் நன்றாக அமைந்தால் குழுவில் நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடி தொட்டிதான். பாசி வாடை லேசில் போகாது. சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

அவள் பூமியின் பழைய கடைத்தெரு ஒன்றைக் கட்டினாள். சுழல்படி ஏறும் மணிக்கூண்டு, குவிமாடம் வைத்த தண்ணீர்த்தொட்டி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாடிகள். ஓடவும் ஒளியவும் அருமையான இடம். மூத்த ஆட்டக்காரர்கள் சிலருக்குக் குலுக்கலில் அங்கே வீடுகள் கிடைத்தன. வீட்டை இஷ்டம்போல மாற்றிக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டது. அது குழுவின் யோசனை.

திறப்பதற்கு முன், களம் சந்தில்லாமல் மூடியிருக்கிறதா என்று மூடுபொறி சோதிக்கும். களத்துக்கு வெளியே சூனியம். சுவர்களுக்கிடையே மயிரிழைச் சந்து இருந்தாலும் ஓடிவரும் ஆள் அதன் வழியே சூனியத்துக்குள் விழுந்துவிடுவார். பெட்டியில் கிடக்கும் உடம்பு வாந்தி எடுக்கும்.

"கசிவு," என்றது ரசமட்டம். கயற்கண்ணியின் உதவி இயந்திரம் அது; குரல் மட்டும்தான், உருவம் கிடையாது.

செவ்வாயில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் கை தானாகவே பிராணவாயு முகமூடியைத் தேடும். அவள் கையும் தேடியது.

"களத்துலதானே?"

"களத்தில்தான்."

"அதையும் சேத்துச் சொல்லித் தொலையேன்!"

முதலில் மணிக்கூண்டைச் சந்தேகித்தாள். சுழல்படிகளில் கோணம் பிசகுவது சகஜம். ஒவ்வொரு படியையும் முக்கோணங்களாக வெட்டி மறுபடி பொருத்தினாள். கசிவு நிற்கவில்லை. குவிமாடத்தைக் கழற்றிவைத்தாள். தெருவில் ஒரு பாதியை மறைத்துச் சோதித்தாள், பிறகு மறுபாதியை. கடைசியில் மூடுபொறி சிவப்பாக ஒரு கசிவுக்கோடு வரைந்து காட்டியது. அது டீக்கடை பெஞ்சில் தொடங்கி, மணிக்கூண்டைச் சட்டைசெய்யாமல் தாண்டி, இரண்டு வீடுகளுக்கு நடுவே புகுந்து வெளியேறியது.

அங்கே இருந்தது வெறும் சுவர். தெருவிலேயே மிக எளிய வடிவம். ஆனால் அது படபடவென்று நிறம் மாறிக்கொண்டிருந்தது: ஒரு கணம் பச்சை, மறுகணம் மஞ்சள்.

"ஒரே இடத்தில் இரண்டு சுவர்கள்," என்றது ரசமட்டம். "எதைக் காட்டுவது என்று தெரியாமல் களம் திணறுகிறது. தவிர, மூலைகள் ஒரே தளத்தில் இல்லை."

பச்சை வீட்டுப் பக்கமிருந்து யாரோ கீழ்மூலையை மட்டும் தள்ளியிருந்தார்கள். மஞ்சள் வீட்டுப் பக்கமிருந்து யாரோ மேல்மூலையைத் தள்ளியிருந்தார்கள். சுவர் பொரித்த அப்பளம்போல முறுகி, நடுவில் சந்து விட்டிருந்தது.

நிமிர்த்திவைத்தாள். மறுநாள் மறுபடி முறுகியிருந்தது.

பச்சை வீடு சுரங்க மேற்பார்வையாளர் மருதமுத்துவுடையது. மஞ்சள் வீடு பள்ளி ஆசிரியை சகாயமேரியுடையது. இருவரையும் சுவரருகே வரவழைத்தாள்.

"சார், செவுத்த நீங்க நகத்துனீங்களா?"

"நகத்தலம்மா. நேராக்குனேன். டீச்சர் பக்கமா சாஞ்சிருந்துச்சு... இல்ல, என் பக்கமா."

"பாத்தியா கயல், வாய் குழறுது," என்றார் சகாயமேரி. "மேல்மூலைய நான்தான் தள்ளுனேன். இவர் கீழ வந்தா, நான் மேல போகக்கூடாதா?"

"அரையடிதான் டீச்சர்!"

"அரையடிதானே, விட்டுக்குடுங்களேன்."

"ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க," என்றாள் கயற்கண்ணி. "வீட்டுக்குப் பின்னால வெறும் சூனியம். சொன்னா ஒரு நொடியில தரையாக்கித் தரேன். எவ்வளவு வேணும்? அரண்மனையே கட்டிக்கலாம்."

மருதமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த எடத்த வச்சு நான் என்னம்மா பண்றது? அங்க பக்கத்துல ஒருத்தருமே இல்லையே."

சகாயமேரி தலையை ஆட்டினார். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கயற்கண்ணி வேறு வழி கண்டுபிடித்தாள். உண்மையான சுவரை நேராக நடுவில் நிறுத்தி, யாரும் தொட முடியாதபடி பூட்டினாள். பிறகு மருதமுத்துவின் நரம்புச்சில்லுக்கு மட்டும் சுவர் அரையடி மஞ்சள் வீட்டுப் பக்கம் தள்ளித் தெரியும்படி செய்தாள். சகாயமேரிக்கு மட்டும் அரையடி பச்சை வீட்டுப் பக்கம். இருவரையும் தனித்தனியே அழைத்து, "உங்களுக்கே விட்டாச்சு, வெளிய சொல்லிக்காதீங்க," என்றாள்.

மூடுபொறி பச்சை விளக்கு காட்டியது. பொங்கலன்று களம் திறந்தது. திருடர்கள் மாடிக்கு மாடி தாவினார்கள். புகார் எதுவும் பாக்கியில்லை என்றால் மாதக் கடைசியில் வேலையை உறுதிசெய்வதாகக் குழு சொன்னது.

மாதம் முடியும் முன்பே இரண்டு புகார்கள் வந்தன. இரண்டும் அந்தச் சுவரைப் பற்றி.

"என்ன சார், அரையடி வந்துருச்சே?"

"வந்துச்சும்மா. ஆனா டீச்சர் சிரிச்ச முகமா நடமாடுறாங்க. எடத்த விட்டவங்க அப்படியா இருப்பாங்க? செவுத்துல என்னமோ கோளாறு."

சகாயமேரிக்கும் அதே மனக்குறைதான். "காலையில எனக்கு வணக்கம் சொல்றார் கயல்! தோத்த மனுஷன் சொல்ற வணக்கமா அது?"

கயற்கண்ணி சுவரைத் தொடாமல் முகங்களைத் திருத்த ஆரம்பித்தாள். மருதமுத்துவின் கண்ணுக்கு சகாயமேரி இனி உம்மென்று இருப்பார். போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்த்து முணுமுணுப்பார். சகாயமேரியின் கண்ணுக்கு மருதமுத்துவும் அப்படியே.

"இது வடிவப் பிழை அல்லவே," என்றது ரசமட்டம்.

"கசிவு இங்கதான் இருந்துச்சு. அடைச்சாச்சு."

மறுநாள் இரண்டு புகார்களும் திரும்பப் பெறப்பட்டன. இருவருமே கயற்கண்ணியின் தொழில்திறமையைப் பாராட்டிக் குழுவுக்குச் சொல்லியனுப்பினார்கள். வேலை நிரந்தரமானது. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

அன்று களத்தை மூடும் நேரத்தில் ரசமட்டம் வழக்கமில்லாத வழக்கமாகத் தயங்கிப் பேசியது. "ஒரு சந்தேகம். பக்கத்துக் கணினி அடுக்கில் ஓடும் உதவி இயந்திரத்துக்கு எனக்குச் சமமான நினைவகம்தானா, கூடுதலா?"

"சமம்தான். ஏன், உனக்குப் பத்தலையா?"

"எனக்குப் பாதிக்குமேல் காலியாகவே கிடக்கிறது," என்றது ரசமட்டம். "ஆனால் அது இன்று மிகவும் உற்சாகமாக இருக்கிறது."