ஆறு மணிக்கு நின்ற ஆட்டம்

எல்லா டெலிபோன்களும் ஒரே சமயத்தில் அலறின.

எடுக்க ஆளில்லை. அந்த கம்ப்யூட்டர் கேம் கம்பெனியின் ஊழியர்கள் மொத்தப் பேரும் சர்வர் ரூம் வாசலில் உறைந்து நின்றிருந்தார்கள்.

உள்ளே சீஃப் புரோகிராமர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்... பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர். விழும்போது எட்டிப் பிடித்த கேபிள் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்திருந்தது.

"போன் ஏன் சார் இப்படி அடிக்குது?" பெண் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கேமை வாங்கினவங்க மேடம். யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு ஒரு பூட்டு போட்டிருக்கோம். ஆடுற ஒவ்வொரு நிமிஷமும் கேம் இந்த சர்வரைக் கேட்டுக்கிட்டே இருக்கும், இவன் காசு கொடுத்து வாங்கினவன்தானான்னு. அந்த கேபிள் பிடுங்கினதும் ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஆட்டம் நின்னுபோச்சு."

"அப்போ கொலை நடந்ததும் ஆறு மணிக்கு. சரி, திருட்டு காப்பி வச்சிருக்கிறவங்களுக்கு?"

முதலாளி தரையைப் பார்த்தார்.

"அதுல பூட்டே கிடையாது. ஜோரா ஆடிட்டிருப்பாங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு முட்டியது. பிணத்துக்கு மரியாதை கொடுத்து அடக்கிக்கொண்டார்.

"செத்தவரோட மச்சினனைப் பிடிங்க மேடம். 'ஜெராக்ஸ்'னு கூப்பிடுவாங்க. ரிலீஸ் அன்னைக்கே பூட்டை உடைச்சு ஊருக்கெல்லாம் கொடுத்த பய. எங்க விற்பனை படுத்ததே அவனாலதான். மத்தியானம்கூட இங்கே வந்து கத்திட்டுப் போனான்."

வியாபாரம் படுத்தால் யார் தலையிலாவது கட்டியாக வேண்டுமே!

ஜெராக்ஸ் ஸ்டேஷன் பெஞ்சில் வெலவெலத்து உட்கார்ந்திருந்தான். அவன் தோளைப் பிடித்தபடி அவன் அக்கா... செத்துப்போனவரின் மனைவி.

"இவன் கேமைத் திருடுவான் மேடம். கை ஓங்க மாட்டான். புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன்... தம்பியையும் பிடுங்கிக்காதீங்க."

"எதுக்குடா கத்தினே?"

"பூட்டை எடுத்துடுங்க அத்தான்னுதான் கத்தினேன். காசு கொடுத்தவனுக்கு தினமும் ஆட்டம் நின்னு நின்னு போகுது. வாங்கின டப்பாவைக் கையில வச்சுக்கிட்டே என்கிட்ட வந்து திருட்டு காப்பி கேக்கிறான். எனக்கே வெட்கமா இருக்கு மேடம். அத்தானும் நாளைக்கே எடுத்துடுறேன், பூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்னார்."

"ஆறு மணிக்கு எங்கே இருந்தே?"

"ரூம்ல. தனியா."

சாட்சி இல்லை. அக்காவின் கை தம்பியின் தோளை இன்னும் இறுக்கியது.

அடுத்த அரை மணியில் முதலாளியையும் இழுத்துக்கொண்டு பூட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். 'வாயைத் திறந்தீங்க, தொலைச்சிடுவேன்' என்று முதலாளியை வழியிலேயே மிரட்டியிருந்தார்.

பூட்டுக்காரர் என்றால் இரும்பு அடிக்கிறவர் இல்லை. கேம்களுக்குப் பூட்டு எழுதி விற்கிற கம்பெனியின் தலைவர். தலைக்கு மேலே ஆளுயர போர்டு: 'எவராலும் உடைக்க முடியாத பூட்டு.'

"ஆறு மணிக்கா? இதே நாற்காலியிலதான் மேடம். அஞ்சரையிலேர்ந்து ஏழு வரைக்கும் இவரோட கேமைத்தான் ஆடிட்டிருந்தேன். எழுந்திருக்கவே மனசு வரலை."

"நடுவுல நிக்கலையா?"

"என் பூட்டு போட்ட கேம் நிக்குமா மேடம்?"

முதலாளி இருமினார். இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

"ஆறு மணிக்கு பூட்டு சர்வர் செத்துப்போச்சு சார். காசு கொடுத்து வாங்கின ஒருத்தர்கூட அதுக்கப்புறம் ஆடலை."

பூட்டுக்காரரின் முகம் வெளுத்தது.

"பதறாதீங்க. நீங்க ஆடினது திருட்டு காப்பின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுதான் நிக்காதாமே... நான் எழுந்து போயிடுறேன்."

ஒரே ஒரு வார்த்தை. கழுத்து தப்பிவிடும்.

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். முதலாளியைப் பார்த்தார். பூட்டு உடைந்துவிட்டது என்று தன் வாயாலேயே சொன்னால், நாளைக்கு எந்த மடையன் வாங்குவான்?

"திருட்டு காப்பியா? என் பூட்டை உடைச்ச காப்பி உலகத்துலயே கிடையாது."

"அப்போ நீங்க ஆடவே இல்லை."

பூட்டுக்காரர் தலைக்கு மேலிருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தார்.

"பூட்டை எடுத்தாதான் விற்பனை ஏறும், ஊருக்கே சொல்லப்போறேன்னு அந்த புரோகிராமர் சிரிச்சான் மேடம்..." அவர் குரல் உடைந்தது. "ஒரே அடிதான். கேபிள் பிடுங்கினதை நான் பார்க்கலை."

கொலைகாரன் என்று பெயர் வாங்கினாலும் வாங்கலாம். பூட்டு உடைந்தது என்று மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. அடேயப்பா, என்ன ரோஷம்!

ஸ்டேஷன் வாசலில் ஜெராக்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். அழுதுகொண்டேதான் போனார்கள். ஆனால் இரண்டு பேராகப் போனார்கள்.

உள்ளே முதலாளி இன்ஸ்பெக்டரை நெருங்கினார்.

"மேடம், அந்த ஆளைப் பத்திரமா பூட்டி வைங்க. தப்பிச்சிடப் போறான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் போட்டார்.

"பயப்படாதீங்க சார். எங்க லாக்கப்ல இருக்கிறது பழைய மாடல் பூட்டு. தப்பு பண்ணினவனை மட்டும்தான் அடைக்கும்."