மாடிப்படிக் கைப்பிடி

பட்டப்பகலில்தான் அந்த வீட்டுக்குள் போனோம். பூட்டைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம், எதற்குச் செலவு செய்வது, எதை அப்படியே விடுவது என்று நோட்டம் விட்டதுதான். பழைய வீட்டை வாங்கி, சரிசெய்து, விற்பது என் தொழில். வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவதில் பணத்தைக் கொட்ட வேண்டும். வாசல் கதவு, சமையல் மேடை, குளியலறைக் குழாய். மற்றதையெல்லாம் பெயின்ட் பார்த்துக்கொள்ளும்.

இந்த முறை, குடியிருந்த வீட்டையே விற்று இதில் போட்டிருந்தேன். போதாததற்குக் கடன் வேறு. மனைவிக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறப்பதற்குள் விற்காவிட்டால் இதுவும் கையை விட்டுப் போய், மூன்று பேரும் நடுத்தெருவில்தான்.

மாடிப்படி இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஜன்னலே இல்லாமல், பகலிலும் இருட்டாக ஏறியது. இடது சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கறுப்புக் கறையும் கூடவே ஏறியது. யாரோ வருஷக்கணக்காகக் கையூன்றி நடந்த அழுக்கு.

"இங்க ஒரு கைப்பிடி போட்டுடலாங்க. ஏறவே பயமா இருக்கு," என்றாள் மனைவி.

"கைப்பிடியைப் பாத்து எவனும் ஒரு ரூபா கூடக் குடுக்க மாட்டான். வெள்ளையடிச்சாப் போதும்."

அடித்தோம். மறுநாள் கறை திரும்ப வந்திருந்தது. பெயின்டர் சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. இந்தத் தடவை கூடவே ஒரு வாசனை. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம்.

"சார், இது ஓதம் இல்ல. தொட்டுப் பாருங்க."

தொட்டேன்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றைக்குப் போன பெயின்டர் ஏணியை எடுக்கக்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் மதில்மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அங்க ஒரு டீச்சர் தனியா வாடகைக்கு இருந்தாங்க, தம்பி. ஒரு கால் சரியா வராது. படிக்குக் கைப்பிடி போட்டுக் குடுங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாங்க. நீ குடுக்கற வாடகைக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்னுட்டார். கடைசில அந்தப் படியிலதான் விழுந்தாங்க. ரெண்டு நாள் கிடந்திருக்காங்க, யாருக்குமே தெரியல."

அந்த வீட்டுக்காரர் போட்ட கணக்கைத்தான் நானும் போட்டிருந்தேன்.

வீட்டுக்குள் வந்தால், துணி காயப்போட மாடிக்குப் போன மனைவியைக் காணவில்லை. படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். நடுப்படியில் இருந்தாள். இடது தோள் ஒரு பக்கமாக அமுங்கியிருந்தது. ஒரு படி இறங்கினாள், நின்றாள். இன்னொரு படி. நின்றாள்.

"என்னாச்சும்மா?"

"சத்தம் போடாதீங்க." உதடு மட்டும்தான் அசைந்தது. "என் தோளைப் பிடிச்சிருக்காங்க."

"யாரு?"

"மெதுவாத்தான் வர முடியுது, பாவம். நான் வேகமா இறங்கினா ரெண்டு பேருமே விழுந்துடுவோம்."

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அன்று சாயங்காலமே ஆளைக் கூட்டிவந்து, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை மரக் கைப்பிடி போட்டேன். சுவரில் கறை வருவது நின்றது. மனைவியின் தோளும் நிமிர்ந்தது. தினமும் காலையில் கைப்பிடியில் தைல வாசனை அடிக்கும். அதற்குப் பழகிக்கொண்டோம்.

வாங்க வந்தது ஒரே ஒருவர்தான். பார்வையிலேயே தெரிந்தது, என் தொழில்காரர்.

"படியே ஒடுக்கம். இதுல இந்தக் கைப்பிடி வேற, ஆஸ்பத்திரி மாதிரி. பீரோவை எப்படி ஏத்தறது? கழட்டிட்டுக் குடுங்க, நாளைக்கே பத்திரம் முடிச்சுக்கலாம்."

அவர் போனதும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வேண்டாங்க. அவங்களுக்கு வேற பிடிமானம் இல்ல."

"நாளையிலேருந்து அது அந்தாளு பாடு," என்றேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவரை விட்டால் ஆள் கிடையாது, அவளுக்கோ நாள் நெருங்கிவிட்டது.

கடைசித் திருகாணியும் கழன்று, கைப்பிடி என் கைக்கு வந்தது.

படியின் நடுவில் யாரோ திடுக்கென்று மூச்சை இழுத்தார்கள்.

கீழே நின்ற மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க... உள்ள எதையோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

வீடு விற்றது. கடன் தீர்ந்தது. வாசலில்கூட ஒரு படி இல்லாத வீடாகத் தேடி வாடகைக்குப் போனோம். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது நடக்கப் பழகிவிட்டாள்.

மற்ற குழந்தைகளைப் போல அவள் குடுகுடுவென்று ஓடுவதில்லை. இடது தோள் அமுங்கியிருக்கும். ஒரு அடி வைப்பாள், நிற்பாள். எலும்பில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். சட்டையின் தோள்பட்டையில் ஏறிய தைல வாசனை எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை.

வீட்டுக்காரரைக் கேட்காமலே எல்லா அறையிலும் நாலு சுவருக்கும் கைப்பிடி அடித்துவிட்டேன். அதைத் தொட்டுக் காட்டிக் கெஞ்சுகிறேன், அழுகிறேன்: "டீச்சர், இதைப் பிடிச்சுக்குங்க. குழந்தையை விட்டுடுங்க."

இன்று காலையும் மகள் கூடத்தின் நடுவே என்னை நோக்கி வந்தாள். கை நீட்டினேன். ஓரடி வைத்தாள். பிறகு திரும்பி, பின்னால் அண்ணாந்து பார்த்தாள்.

அவர்கள் வந்து சேரும்வரை நின்றாள்.