ஐலா கொடுத்த விலாசம்

“அடுத்தவங்க லெட்டரைப் பிரிச்சுப் படிக்க வெட்கமா இல்ல?”

மழையில் நனைந்தபடி வாசலில் நின்ற இளைஞன் திருதிருவென்று விழித்தான். அவன் கையிலிருந்த உறையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் ஐலா.

“தெரியாம பிரிச்சுட்டேங்க... நான் நெல்ஸ். நாலாவது தெரு, பதினெட்டாம் நம்பர். நீங்க மூணாவது தெரு, அதே நம்பர். தப்பு தபால்காரர் பண்ணினது, திட்டு எனக்கா?”

“படிச்சீங்களா?”

ஏரித் தண்ணீரின் சாம்பல் நிறம் அந்தக் கண்களில்... அவை மெல்லத் தாழ்ந்தன.

“முதல் ரெண்டு வரி.”

அந்த இரண்டு வரியில்தான் எல்லாமே இருந்தது. ஐலா லெஹ்தினன். மனநல ஆலோசனை, நான்கு முறை.

அதற்குள் அப்பா ஆர்வோவின் வண்டி வந்து நின்றது. “யாரும்மா இது?”

ஐலாவின் கையிலிருந்த உறை ஸ்வெட்டருக்குள் போய்விட்டிருந்தது.

“வழி தவறி வந்துட்டேன் சார்,” என்றான் நெல்ஸ், ஒரு கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் அக்டோபர் மழை இறங்கினால் இன்றைக்கும் ஐலாவுக்கு அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வரும்...

அந்த நாட்களில், அம்மா இறந்த பிறகு, அவளுக்குச் சில நேரம் மூச்சே நின்றுவிடும் போலிருக்கும். வியாழக்கிழமைகளில் ஆலோசகரிடம் போய்ப் பேசினால் கொஞ்சம் லேசாகும். ஆனால் இன்சூரன்ஸ் அப்பா பெயரில். அவள் எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் கம்பெனியின் கணக்குக் கடிதம் அப்பாவுக்கு வரும். அப்பாவோ, “நம்ம துக்கத்தை வெளியாள்கிட்ட கொட்டறதா?” என்கிறவர். அதனால் தினமும் அவருக்கு முன்னால் தபால் பெட்டிக்கு ஓடினாள்.

அந்த மழை நாளுக்கு அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால்... மாவு அப்பிய கைகளோடு அவன்!

“இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் பண்ணி, லெட்டரை வேற விலாசத்துக்கு அனுப்பச் சொல்லலாங்க. எங்க அக்கா அப்படித்தான் பண்ணினா.”

ஐலாவின் முகம் சிவந்தது. “என்னைப் பார்த்தா பரிதாபமா இருக்கா?”

“எங்க அக்காவைப் பார்த்துப் பரிதாபப்பட்டா உருளைக்கட்டையாலயே போடுவா. எனக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போச்சு.”

சிரிப்பு வந்தது. சிரிக்காமல், வாங்க வந்த ரொட்டியையும் வாங்காமல் திரும்பிவிட்டாள். மூன்று வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

ஒருநாள் வீம்பை ஓரமாக வைத்துவிட்டு கம்பெனிக்கு போன் செய்தாள். “எந்த விலாசத்துக்கு அனுப்பணும்?” என்றது மறுமுனைக் குரல். அவளுக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் அப்பாவோடு சீட்டாடுகிறவர்கள்தான் இருந்தார்கள். வாய் தானாகச் சொன்னது... நாலாவது தெரு, பதினெட்டு.

மறுநாள் கடையில் போய்த் தலைகுனிந்து நின்றாள். “உங்க விலாசத்தைக் குடுத்துட்டேன்... கேக்காமலே.”

நெல்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். “இந்தத் தடவை பிரிக்க மாட்டேன். சத்தியமா.”

பிரிக்கவில்லை. மாதம் ஒருமுறை உறை வரும். அவன் கொண்டு வருவான். ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். ஐந்து பத்தானது... பத்து ஒரு மாலையானது. அவள் ஆலோசகரிடம் என்ன பேசினாள் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே பாதியை அவளே சொன்னாள்.

இரண்டாம் வருடக் கடைசியில், பனி தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை.

“இனி லெட்டர் வராது நெல்ஸ். நூலக வேலையில எனக்கே இன்சூரன்ஸ் வந்துடுச்சு.”

“நல்லதுதானே...” என்றவன் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். “மாசத்துக்கு ஒரு தடவை உங்களைப் பார்க்க எனக்கு ஒரு சாக்கு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

ஐலா அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள். “நேத்து அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“ஆலோசனைக்குப் போறதையா?”

“அது என் விஷயம். எனக்கு எப்ப தோணுதோ அப்ப சொல்லிக்குவேன்.” அவள் நிமிர்ந்து அந்தச் சாம்பல் நிறக் கண்களைப் பார்த்தாள். “உன்னைப் பத்திச் சொன்னேன்.”

“என்னைப் பத்தியா... என்னன்னு?”

“நான் காதலிக்கிற பையன்னு.”