அண்ணன் போட்ட சார்ஜ்

கிளம்பும்போதே மின்சாரக் காரின் திரையில் பாதி சார்ஜ்தான் காட்டியது. ராத்திரி முழுக்க அண்ணன் வீட்டில் கேபிள் செருகியிருந்ததை அவளே பார்த்திருந்தாள். "அது அப்படித்தான் காட்டும், நீ போம்மா" என்றான் அண்ணன். கார் அவனுடையது. வாங்கிய புதிதில் சோபாவில் சாய்ந்தபடி போனைத் தட்டிக் காட்டியிருந்தான்: "இங்கருந்தே கதவப் பூட்டுவேன், சார்ஜ நிறுத்துவேன். ராஜா மாதிரிடி, கழுத!" அவளும் சிரித்திருந்தாள்.

புருஷன் கை ஓங்குமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவான். அந்தச் சத்தம் கேட்காத ஊருக்கு மகளோடு போகிறாள். அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

பாதி வழியில் திரையில் எண் ஏழு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மூடிக் கிடந்த கடையின் பின்னால் சார்ஜ் போடும் இடம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈரச் சிமெண்டும் கருகிய ரப்பரும் கலந்த வாடை, தகரத்தில் சொட்டும் தண்ணீர், சார்ஜர் பெட்டிக்குள் தேனீக்கள் அடைபட்டதுபோல ஒரு ரீங்காரம். இவற்றுக்கு நடுவே கனத்த கேபிளை இழுத்துச் செருகினாள். டொக்கென்று பூட்டிக்கொண்டது. எட்டு. பிறகு ரீங்காரம் நின்றது. யாரோ விரல் வைத்து அணைத்ததுபோல.

காருக்குள் உட்கார்ந்து அண்ணனை அழைத்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல்.

"அண்ணா, சார்ஜ் நின்னுபோச்சு."

"பழைய பெட்டியா இருக்கும். கேபிளக் கழட்டி மறுபடி செருகு. பாப்பா?"

"பின்னாடி தூங்கறா."

"எழுப்பாத. நீ மட்டும் எறங்கு."

போனையும் சாவியையும் உள்ளேயே விட்டு இறங்கினாள்.

கேபிள் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை.

முதுகுக்குப் பின்னால் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

"அண்ணா! கதவத் திற!"

கண்ணாடியில் அறைந்தாள். உள்ளே ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது. மங்கலாகக் கேட்டது.

"எறங்கிட்டா மாப்ள. நீங்களே பேசுங்க."

ஒரு செருமல்.

இன்னொன்று.

"பாப்பா... எந்திரிம்மா. அப்பா பக்கத்துல வந்துட்டேன்."

மகள் எழுந்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. முன்னிருக்கைகளுக்கு நடுவே எம்பி, ஒளிரும் திரைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

சந்து முனையில் இரண்டு விளக்குகள் திரும்பின.

பெட்டி மறுபடி ரீங்கரித்தது. குழந்தையின் விரல்களுக்கு நடுவே எண் ஏறத் தொடங்கியது.

ஒன்பது.

பத்து.