கொஞ்சினால் கடிக்கும்

பவுனுத்தாய்க்கு இடது கைச் சுண்டுவிரல் மறுபடியும் முளைத்துக்கொண்டிருந்தது. காலையில் பல் துலக்கிவிட்டு, மொட்டை விரலில் முளைப்பசையைத் தடவி, மேலே உறையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது அவளுக்குப் பழகிப்போன காரியம். வீடில்லாத நாய்களைக் காக்கும் தங்கலில் வேலை பார்க்கும் எல்லோரும் அப்படித்தான். விரல் வளரும்போது எறும்பு ஊர்வதுபோல நமநமவென்று இருக்கும், அவ்வளவுதான். போன தடவை முளைத்த விரலில் நகம் கோணலாக வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது. அதையும் செவலை கடித்துத் துப்பிவிட்டதால், இந்த முறையாவது நேராக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

செவலை ஒரு கோம்பை நாய். செவ்வாய்க் கிரகத்தில், எரிமலைக் குழம்பு ஓடி ஓய்ந்த குகைக்குள் புதுக்கம்பம் என்ற ஊரைக் கட்டியவர்கள் தேனிப் பக்கத்துக்காரர்கள். வரும்போது தங்கள் ஊர் நாயின் கருவையும் உறையவைத்துக் கொண்டுவந்தார்கள். பாசத்தால் அல்ல. காற்றுக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் எழும் சீறல் மனிதக் காதுக்கு எட்டாது, கோம்பையின் காதுக்கு எட்டும். எந்தச் சுவரைப் பார்த்து நாய் குரைத்ததோ அந்தச் சுவரைப் பிரித்து அடைத்தார்கள். ஊரே அந்தக் குரைப்பை நம்பித்தான் மூச்சு விட்டது. பிறகு கசிவுமானிகள் வந்தன. சோறு கேட்காத, காற்றைச் செலவழிக்காத சிறு பெட்டிகள். அதற்கடுத்த மாதமே நாய்கள் தெருவுக்கு வந்தன. தெருவிலிருந்து, நாய்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் கடிக்களத்துக்குப் போயின.

செவலையை மீட்ட நாளில் நடந்ததை மீட்பு என்று சொன்னால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பவுனு பாறை துளைக்கும் கம்பியோடு கடிக்களத்தின் கதவை உடைத்துக்கொண்டு போனாள். உள்ளே ஒரு பள்ளம். பள்ளத்தில் இரண்டு நாய்கள், ஒன்றின் கழுத்து மற்றதன் வாயில். செவ்வாயில் எல்லாவற்றுக்கும் எடை குறைவு, ரத்தம்கூட அவசரப்படாமல்தான் விழும். சுற்றி நின்றவர்களின் முகத்தில் அது தெறித்து நிதானமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். களத்துக்காரன் சின்னமாயன் கத்தியை உருவினான். பவுனு கம்பியை வீசினாள். அவன் தாடை கழன்று காதுப் பக்கம் போனது. அடுத்து வந்தவனுக்கு முழங்கால் பெயர்ந்தது. அவள் பள்ளத்தில் குதித்தபோது ஒரு நாய் செத்திருந்தது. இன்னொன்று, வாயெல்லாம் சிவப்பாக, அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணுமில்லடா தங்கம், வா," என்றாள்.

முதல் விரல் போனது அப்போதுதான்.

அன்று களத்துக் கூண்டுகளிலிருந்து மீட்ட மற்ற நாய்கள் எல்லாம் வீடு சேர்ந்துவிட்டன. செவலை மட்டும் பாக்கி. புதுக்கம்பத்தில் ஒவ்வோர் உயிருக்கும் காற்றுப் பங்கு உண்டு. வீடில்லாத நாய்க்கு, ஊர் நிர்வாகி பார்வையிட வரும் நாள்வரை தங்கலின் பேரில் தற்காலிகப் பங்கு தருவார்கள். அன்றைக்கும் வீடு அமையவில்லை என்றால் கூண்டுக்குப் போகும் குழாயை மூடிவிடுவார்கள். ஊசிகூடப் போட மாட்டார்கள், ஊசி வீண் செலவாம். நிர்வாகி அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது.

"இன்னைக்கு ஒரு குடும்பம் பாக்க வருது," என்றார் தங்கலை நடத்தும் டாக்டர் ரிஸ்வானா. "சாதுவான மனுசங்க. இவுகளையாவது விட்டுவைக்கச் சொல்லு."

"நான் சொல்லி எங்கக்கா கேக்குது? நாய் மொழியில இருக்குற அம்புட்டும் சொல்லிப் பாத்துட்டேன். காது அசையல."

நாய் மொழி என்று அவள் சொன்னது ஆங்கிலத்தை. புதுக்கம்பத்தில் மனிதர்கள் தமிழ் பேசினார்கள், பெட்டிகள் தமிழ் பேசின, கதவுகள்கூடத் தமிழில்தான் முனகின. நாய்களிடம் மட்டும் மூதாதையர் விட்டுப்போன அந்தச் சொற்கள்: கம், சிட், கோ, நோ, ஷேக் ஹேண்ட். பூமியில் இந்த மொழியை மனிதர்களும் பேசியிருக்கிறார்கள் என்று பள்ளியில் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நாயிடம் தமிழ் பேசுவது கொஞ்சம் கூச்சமான விஷயம். கொஞ்சும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் தமிழ் வந்துவிடும். நாய் மொழியில் கொஞ்சுவதற்குச் சொல் மிச்சமில்லை.

வந்தவர் பெயர் தவமணி. மெல்லிய குரல், மெல்லிய கைகள். மனைவியும் அப்படியே. கூண்டைத் திறந்ததும் செவலை வெளியே வந்து உட்கார்ந்தது. தவமணி "சிட்" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாய் உட்கார்ந்தே இருந்ததில் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து தலையைத் தடவினார்.

"சொன்னதைக் கேக்குதே. என் ராசால்ல. என் செல்லம்ல."

செவலை அவர் முன்கையைக் கவ்வியது. எலும்பு முறியும் சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் கேட்டது. அவர் கையை உதறினார், நாய் அந்தரத்தில் ஊஞ்சலாடியது. மனைவி கைப்பையால் நாயை அடித்தார், பாதி அடி கணவருக்கு விழுந்தது. பவுனு கம்பியை நாயின் பற்களுக்கிடையில் கொடுத்து நெம்பினாள். விடுபட்டபோது கை தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் மணிமணியாகக் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது முளைக்க எம்புட்டு நாளாகும் டாக்டரு?" என்று கேட்டுவிட்டு மயங்கினார் தவமணி.

அந்த அமளியிலும் பவுனு ஒன்றைப் பார்த்துவிட்டாள். கோபத்தில் கடிக்கும் நாயின் முகம் அவளுக்குத் தெரியும். பயத்தில் கடிக்கும் முகமும் தெரியும். செவலையின் முகத்தில் இரண்டும் இல்லை. சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கும் முகம் அது.

வேலையைச் சொல்லிக்கொடுத்தவனைத் தேடிப் போனாள். சின்னமாயன் சிறை மருத்துவமனையில் கிடந்தான். புதுத் தாடை பாதி முளைத்திருந்தது.

"அடிச்ச புண்ணியவதியே பாக்க வந்துட்டா. பூ பழமெல்லாம் எங்க?"

"புதுசா முளைக்கிற தாடையும் வேணாமாக்கும்? செவலைக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்த?"

"ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. கொஞ்சுனேன்."

"கொஞ்சுன மூஞ்சியப் பாரு."

"நெசமாத்தான். பள்ளத்துல எறக்குறதுக்கு முன்னால தடவிக்குடுப்போம். கறித்துண்டு குடுப்போம். என் ராசா, என் தங்கம், என் செல்லம்னு காதுல சொல்லிக்கிட்டே கயித்த அவுத்துவிடுவோம். அதுக்குத் தங்கம்னா கடின்னு அர்த்தம்."

பவுனு தன் விரல் உறையைப் பார்த்துக்கொண்டாள். "சண்டை முடிஞ்சு வந்தா?"

"சதை தொங்க வரும். ஒக்காந்து தைப்பேன். குத்தக் குத்த எனக்கு வயிறு எரியும். சனியனே, மூதேவி, எதுக்குடா கழுத்தக் காட்டுனன்னு வைவேன். வஞ்சுக்கிட்டே கஞ்சி ஊத்துவேன். அந்த நேரம் மட்டுந்தான் அது கண்ண மூடித் தூங்கும்." அவன் வலிக்கும் தாடையைத் தடவிக்கொண்டான். "கொஞ்சுனா கடி, வஞ்சா கஞ்சி. இம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்ச உலகம்."

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

"இதத்தான், இந்தக் கொரல்லதான், போயி அதுக்கிட்டச் சொல்லு. மடியில வந்து படுக்கும்."

தங்கலுக்குத் திரும்பியதும் பவுனு கம்பியை வெளியே வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போனாள். செவலை எழுந்து நின்றது.

"சனியனே," என்றாள். வால் லேசாக அசைந்தது. "தெண்டச்சோறு. ஒரு ஊரு வெரலையும் தின்னுட்டு நிக்கிது பாரு, மூதேவி. நீயெல்லாம் வெளங்குவியா?"

செவலை மெதுவாக வந்து, அவள் மடியில் தலையை வைத்து, கண்ணை மூடியது. உடம்பெல்லாம் தையல் தழும்பு. "செல்..." என்று வாய்வரை வந்த செல்லத்தைக் கடித்து விழுங்கிவிட்டு, அழுகைக்கு நடுவே இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

இனி வீடு ஒன்றுதான் பாக்கி. தனி ஆளுக்கு நாய்ப் பங்கு கிடையாது. ஆனால் ஒரு தெருவே சேர்ந்து கேட்டால் உண்டு. பவுனு குடியிருந்தது குழாய்க்காரத் தெரு. ஊருக்கே காற்றுக் குழாய் பூட்டுகிறவர்கள், காலை வணக்கத்தையே வசவில் சொல்கிறவர்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரே குரலில் சம்மதித்தார்கள். இதற்காகவே பிறந்தவர்கள்போல ஆளாளுக்கு வந்து செவலையைத் திட்டிவிட்டுப் போனார்கள். செவலை வாலை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போனது.

பார்வையிடும் நாளில் நிர்வாகி திருவருள் காவலர்களோடு தெருவுக்கு வந்தார். பூச்செண்டு கொடுத்தார்கள். கூட்டத்தின் நடுவே செவலை கல்போல உட்கார்ந்திருந்தது.

"கடிக்கிற நாய் என்றார்களே?" என்றார் நிர்வாகி.

"எரும மாடுய்யா இது. கொட்டாவி விடக்கூட வாயத் தொறக்காது," என்றாள் பவுனு. செவலை பெருமையாக அவளைப் பார்த்தது.

நிர்வாகி முத்திரைப் பலகையை வாங்கினார். அதில் அவர் கட்டைவிரல் பட்டால் செவலைக்கு வீடு, காற்று எல்லாம். விரலைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கையோடு ஓர் அறிவிப்பும் கொண்டுவந்திருந்தார், வாசிக்கச் சொன்னால் தானே வாசிக்கும் சொல்பலகை அது. அதற்கு முன் நாலு நல்ல வார்த்தை சொல்ல நினைத்தார்.

"என் தங்கங்களே," என்றார். பவுனு செவலையின் காதைப் பொத்தக் கையை நீட்டினாள். "என் செல்லங்களே. நீங்கள் வேறு, நான் வேறு அல்ல. நாம் எல்லோரும் ஒரே..."

குடும்பம் என்ற சொல் வெளியே வரவில்லை. செவலை அவர் மேல் இருந்தது. ஆணித் துப்பாக்கியை எடுத்த காவலனைப் பவுனு கம்பியால் அடித்துச் சாய்த்தாள். சுடப்பட்ட ஆணி நாயின் பின்தொடையைக் கிழித்துக்கொண்டு சுவரில் இறங்கியது. இன்னொரு காவலன் அவள் தலையில் அடித்தான், கண்ணில் ரத்தம் இறங்கியது. நிர்வாகி நாயின் வாயிலிருந்து கையை உருவ முயன்று உருளும்போது சொல்பலகை கீழே விழுந்து, யாரும் கேட்காமலே இனிய குரலில் வாசிக்கத் தொடங்கியது.

"குழாய்க்காரத் தெருவின் காற்று, அடுத்த மாதம் முதல் மேல்நகர விருந்தினர் மாளிகைக்குத் திருப்பப்படும். குடியிருப்போர் ஆழ்சுரங்கத்துக்கு அனுப்பப்படுவர். ஆழ்சுரங்கத்தில் இடம் போதாது என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

பிறகு நடந்ததை விவரிக்காமல் இருப்பதே நல்லது. காவலர்களின் சட்டைகளை அடையாளம் வைத்துத்தான் பின்னால் ஆளைப் பிரித்துச் சொல்ல முடிந்தது. நிர்வாகியின் உயிரை டாக்டர் ரிஸ்வானா குறுக்கே விழுந்து காப்பாற்றினார். கட்டைவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. அது செவலையின் வாயில் இருந்தது.

"துப்புடா, நாறப்பயலே," என்றாள் பவுனு. செவலை பணிவாகத் துப்பியது. அவள் அதை எடுத்து முத்திரைப் பலகையில் அழுத்தினாள். பலகை பச்சையாக ஒளிர்ந்தது. செவலைக்கு வீடு கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து தெருக்கூட்டம் எதுவானாலும் முதல் வரிசையில் செவலைக்கு ஓர் இடம். குழாயில் கசிவு கேட்க வளர்த்த சாதி, இப்போது பேச்சில் கசிவு கேட்கிறது என்று பெருமை பேசினார்கள். செவலை பாயாதவனை நம்பலாம் என்பது தெருவின் சட்டமாகவே ஆகிவிட்டது. நிர்வாகிகள் குடியிருக்கும் மேல்நகரத்திலிருந்து சமாதானம் பேச யார் வருவது என்று அங்கே வெகுநாள் யோசித்தார்கள்.

கடைசியில் பரஞ்சோதி என்ற புது நிர்வாகி வந்தார். காவலர் இல்லை, பூச்செண்டு வேண்டாம் என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"ஏ, வெளங்காத பயலுகளா," என்றார். தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது. "ஒரு கட்டைவெரல ஒழுங்காக் கடிக்கத் தெரியாத நாயி, அதக் கும்புடுற மூதேவிக. ஒங்களுக்கெல்லாம் தெரு ஒரு கேடா? தெண்டச்சோறுகளா."

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. "நம்மாளுய்யா இவரு," என்று யாரோ விசிலடித்தார்கள். செவலை எழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது நொண்டி நொண்டிப் போய், பரஞ்சோதியின் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் ஒரு பலகையை நீட்டினார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கட்டைவிரலை அழுத்தினார்கள். அதை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பவுனுவும் அழுத்தினாள். இந்த முறை அவள் சுண்டுவிரல் நகம் நேராக வந்திருந்தது.

அவர் போன பிறகு, செவலையின் ஆணிக் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த ரிஸ்வானா கேட்டார். "என்னடி எழுதியிருந்துச்சு அதுல?"

"எதுக்குக்கா அதெல்லாம்? எப்பிடி வஞ்சாரு, பாத்தீகள்ல."

சுவருக்குள் எங்கோ, தெருவுக்குக் காற்று வரும் ஒரு குழாய் மெல்ல மூடிக்கொண்டது. மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். செவலை ஒரு காதைத் தூக்கியது. பிறகு, பரஞ்சோதி சொன்ன மூதேவி இன்னும் உள்ளே இனித்துக்கொண்டிருந்ததோ என்னவோ, காதை மடக்கிக்கொண்டு தூங்கிப்போனது.